செயலாளரின் ஆலிவ் கட்டை

ஜனவரி 7, ஞாயிறு

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுவதாகத் தீர்மானம். கூட்டுறவு நூற்பாலையில் நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பதிவு செய்யாத வேலை நடக்காத வேலை என்பது என் கொள்கை.

பதிவு செய்ய வேண்டிய விஷயம் வந்திருக்கிறது: ஓர் ஆலிவ் மரத்தின் அடிக்கட்டை.

வடவள்ளிக்கு மேற்கே கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பண்ணை வீட்டு வளாகத்தில் வாசலுக்கு அழகு சேர்க்க ஸ்பெயினிலிருந்து ஆலிவ் மரங்களைக் கப்பலில் வரவழைத்து நட்டிருந்தார்கள். வாஸ்து பார்க்க வந்தவர், வடகிழக்கு மூலையில் வெளிநாட்டு மரம் நின்றால் வீட்டில் பெண்கள் கை ஓங்கும் என்று சொல்லிவிட்டாராம். மறுநாளே அந்த மூலை மரத்தை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டார்கள். தளப் பொறியாளர் என் பழைய சகா ஒருவரின் மகன். "இருநூறு வருஷ மரம் அங்கிள், வேணும்னா தோண்டி எடுத்துக்குங்க" என்றான். டெம்போ வைத்து எடுத்து வந்துவிட்டேன். எனக்கு மூடநம்பிக்கை கிடையாது.

வாட்ச்மேன் ரங்கனும் டெம்போக்காரரும் லிஃப்டில் ஏற்றி மொட்டை மாடி சேர்த்தார்கள். லிஃப்டில் சரக்கு ஏற்றக் கூடாது என்ற அறிவிப்பை ரங்கன் விரலால் காட்டினான். அந்த அறிவிப்பை எழுதியவனே நான்தான். செண்பகம் குடியிருப்போர் சங்கத்துக்கு ஆறு வருடமாக நானே செயலாளர். தலைவர் என்று ஒருவர் உண்டு, அவர் துபாயில் இருக்கிறார். மரம் சரக்கல்ல, உயிர் என்று ரங்கனுக்கு விளக்கினேன்.

வீட்டுக்காரி கோகிலவாணி மாடிக்கு வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, வெறகா? நமக்குத்தான் கேஸ் இருக்குதே."

"போன்சாய் அம்மிணி. பெரிய மரத்தைத் தொட்டிக்குள்ள அடக்கி, சின்னதாவே அழகா வளர்க்கறது."

"எப்பங்க வளரும்?"

"பத்து வருஷமாவது ஆகும்."

"சரிங்க" என்று துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கலை உணர்வு எல்லாருக்கும் அமைவதில்லை.

ஜனவரி 8, திங்கள்

அடிப்பாகத்தைச் சமமாக அறுத்தேன். வேர் என்று நாலைந்து மயிரிழைகள்தான் மிச்சம். பொடி ஜல்லி, செங்கல் தூள், மணல் கலந்து ஒரு பெரிய சிமென்ட் தொட்டியில் வைத்தேன். வெட்டுப்பட்ட இடத்தில் மரப்பசை தடவினேன். எல்லாம் ஒரு ஸ்பெயின்காரரின் வீடியோவைப் பார்த்துச் செய்தது. அவர் பேசுவது ஒரு வார்த்தை புரியாது. கை அசைவு புரிகிறது. ஒரு கட்டத்தில் பூவாளியைத் தூக்கி மிகவும் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். நிறைய ஊற்றச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற முடிவு.

ஜனவரி 21, ஞாயிறு

துளிர் இல்லை.

ஐந்தாவது மாடி ஃபிலோமினா டீச்சர் மறுபடி வந்தார். படுக்கையறைக் கூரை ஒழுகுகிறதாம். முன்பெல்லாம் என் ரோஜாத் தொட்டிகள் மீது பழி போட்டார். இப்போது கசிவு அதிகமாகிவிட்டதாம்.

"சார், ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்களேன்."

"எழுத்துபூர்வமா குடுங்க டீச்சர்."

"ஏற்கெனவே குடுத்ததெல்லாம் உங்ககிட்டத்தான இருக்குது?"

கூரைக் கசிவு இயற்கையின் செயல், காற்றில் உள்ள ஈரப்பதம் குளிர்ந்து வழிவது என்று அறிவியல்பூர்வமாக எடுத்துச் சொன்னேன். ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு இது தெரியாமலிருப்பது ஆச்சரியம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

துளிர் இல்லை. தண்ணீரை அதிகப்படுத்தினேன்.

செயற்குழுவில் தகராறு. மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் இம்தியாஸ் என்ற பையன், கணினி வேலை, வெயில் வருமுன் போர்வெல் மோட்டாரைப் பழுது பார்த்துவிட வேண்டும் என்று எழுந்து நின்று பேசினான். நல்ல யோசனைதான். ஆனால் அதை அவன் எப்படிச் சொல்லலாம்? அங்கேயே ஒரு விதியை நிறைவேற்றினேன்: பத்திரத்தில் பெயர் உள்ளவர்களே சங்க உறுப்பினர், மற்றவர்கள் கூட்டத்தில் உட்காரலாம், பேசக் கூடாது. கை தூக்கச் சொன்னேன், தூக்கினார்கள். காபி ஆறிக்கொண்டிருந்ததால் சீக்கிரம் தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் சொன்னேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"பத்திரத்துல பேரு இருக்கறவங்க மட்டுமா?"

"ஆமா."

"சரிங்க" என்றாள். ஏனோ சிரித்தாள்.

பிப்ரவரி 22, வியாழன்

கட்டையின் ஒரு பக்கம் பட்டை கறுத்து மெத்தென்று இருக்கிறது. அழுகலல்ல. முதிர்ச்சி. முந்நூறு வருட மரத்தில் இது இயல்பு.

மார்ச் 10, ஞாயிறு

வெயில் கொல்கிறது. ஸ்பெயின்காரர் தன் கட்டையை நிழலில் வைத்திருப்பதை இன்றுதான் கவனித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நல்ல நிழல். ரங்கனைக் கூப்பிட்டேன், அவன் கேட்டருகில் லாரித் தண்ணீர்க்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு தொட்டியை நகர்த்த இன்னொருவர் தயவு எதற்கு?

நகர்த்திவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

படுத்தபடி எழுதுகிறேன். இடுப்புத் தட்டு விலகியிருக்கிறதாம். ஞாயிறன்று மாடியில் கைகளை ஊன்றிக் குனிந்தபடியே நின்றுவிட்டேன். நிமிர முடியவில்லை. துணி எடுக்க வந்த ஃபிலோமினா டீச்சர் முதலில் நான் கட்டையைக் கும்பிடுவதாக நினைத்தாராம். அப்புறம் அவரும் இம்தியாஸும் ரங்கனுமாகத் தூக்கி வந்தார்கள். போர்வையில் வைத்து, நான்கு மூலையையும் பிடித்து. லிஃப்டில் படுக்க இடமில்லாததால் படிக்கட்டு வழியாக, ஒவ்வொரு தளத்திலும் கதவு திறந்து பார்க்க.

டாக்டர் படுக்கையை விட்டு எழக் கூடாது என்கிறார். மாடிப்படியை நினைக்கவே கூடாதாம்.

"சங்க வேலையை யாரு பாக்கறது?" என்றேன்.

"நான் பாத்துக்கறனுங்க" என்றாள் கோகிலா.

"உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாததைக் கேட்டுக்கறேன்."

பரிதாபமாக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை மட்டும் காட்டிக் கொடுத்தேன்.

மார்ச் 22, வெள்ளி

படுக்கையிலிருந்தே நிர்வாகம். இன்று நான்கு சுற்றறிக்கைகள் சொல்லச் சொல்லக் கோகிலா எழுதிக்கொண்டாள். மாடிப்படியில் செருப்பு விடுதல் குறித்து, புறா குறித்து, விருந்தாளிகள் பைக் நிறுத்துதல் குறித்து, சுற்றறிக்கைகளைப் படிக்காமலிருத்தல் குறித்து.

ஹாலில் நாள் முழுக்க ஆள் நடமாட்டம். என் உடல்நலம் விசாரிக்க வருகிறார்கள். ஆனால் அறைக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, என் ஓய்வைக் கெடுக்க வேண்டாமென்ற மரியாதை. டீ டம்ளர் சத்தமும் சிரிப்பும் கேட்கிறது. துக்கத்தை மறைக்கச் சிரிக்கிறார்கள்.

கட்டைக்கு ரங்கன் இரு வேளையும் தண்ணீர் ஊற்றுவதாகக் கோகிலா சொல்லவில்லை, ஆனால் ஊற்றுவான்.

ஏப்ரல் 3, புதன்

என் சுற்றறிக்கைகளுக்கு எந்த எதிர்ப்பும் வரவில்லை. இவ்வளவு அமைதியான வரவேற்பு இதற்கு முன் கிடைத்ததில்லை.

மோட்டார் சத்தம் கேட்டது. போர்வெல்லைச் சரி செய்துவிட்டார்களாம். ஆறு மாதமாக என் பரிசீலனையில் இருந்த கோப்பு அது! எப்படி என்று கேட்டேன்.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டனுங்க."

"மூணு பேர்கிட்ட விலைப்புள்ளி வாங்கினயா?"

"இல்லீங்க. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தாரு."

நிர்வாகம் தெரியாதவர்களுக்குச் சில நேரம் இப்படி அமைந்துவிடும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு. பாயசம். வாடகைக்கு இருக்கும் இம்தியாஸின் மனைவி கொடுத்தனுப்பிய பிரியாணியும். தெருவெல்லாம் குடத்தோடு நிற்கும்போது செண்பகத்தில் காலையும் மாலையும் குழாயில் தண்ணீர் வருகிறது. இம்தியாஸ் எந்தத் தளத்துக்கு எப்போது தண்ணீர் என்று கைபேசியில் போட்டுக் கொடுத்திருக்கிறானாம். பேசக் கூடாது என்றுதான் விதி. அவன் பேசவில்லை, கைபேசியில்தான் போட்டான். விதிமீறல் இல்லை என்று முடிவு செய்தேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

இன்று தற்செயலாகத் தெரிந்தது. மொட்டை மாடிக் குழாயைப் பூட்டியே ஒரு மாதத்துக்கு மேலாகிறது!

"தண்ணிப் பஞ்சத்துல மாடிக் குழாய் எதுக்குங்க? அதான் பூட்டிட்டேன்."

"என் ஆலிவ்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மறந்தே போய்விட்டாளாம். ரங்கனும் குழாய் பூட்டியிருந்ததால் விட்டுவிட்டானாம்.

நானூறு வருடம் வாழ்ந்த மரம். ரோமாபுரிச் சக்கரவர்த்திகளைப் பார்த்த மரம். செண்பகம் குடியிருப்பின் ஒரு பூட்டால் செத்தது. இரவுச் சாப்பாடு வேண்டாமென்றேன். பிறகு உப்புமா மட்டும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

டாக்டர் படியேற அனுமதித்தார். கோகிலா கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினேன். வழியெல்லாம், "வேற ஒண்ணு வாங்கிக்கலாமுங்க, மனசை விட்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இறுதி மரியாதை செலுத்தப் போகிறவன் பேசக் கூடாது.

தொட்டிக்குப் பின்னால், நிழலில், அது இருந்தது.

துளிர்த்திருந்தது! கறுத்த பட்டைக்குப் பக்கத்தில், மரத்தைக் கிழித்துக்கொண்டு, ஜோடி ஜோடியாகச் சின்ன இலைகள். மேலே சாம்பல் பச்சை, அடியில் வெள்ளிப் பூச்சு. ஒன்றல்ல, கட்டையைச் சுற்றிலும். போன வாரக் கோடை மழை போதுமாயிருந்திருக்கிறது. மெத்தென்றிருந்த பட்டை காய்ந்து இறுகிவிட்டது.

நான் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பு வலியில்தான். கோகிலா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெயில் கண்ணுல அடிக்குதுங்களா?" என்று முந்தானையை நீட்டினாள். ஆமாம், வெயில்தான்.

காரணம் ஆராய்ந்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை நான் அள்ளிக் கொடுத்த தண்ணீரைச் சேமித்து வைத்திருந்து மரம் இப்போது பயன்படுத்துகிறது.

மே 12, ஞாயிறு

செயலாளர் பொறுப்பை மீண்டும் ஏற்றேன். முதல் வேலையாக மாடிக் குழாய்ப் பூட்டை எடுத்தேன்.

யாரும் புகார் சொல்ல என்னிடம் வருவதில்லை. கதவைத் தட்டுகிறார்கள், நான் திறந்தால், "ஓ, சார்... அக்கா இல்லீங்களா? சரி, அப்புறம் வர்றோம்" என்று போய்விடுகிறார்கள். நோயாளியைச் சிரமப்படுத்தக் கூடாதென்ற நல்லெண்ணம்.

ஜூன் 9, ஞாயிறு

மேற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. துளிர்கள் விரல் நீளம் ஆகிவிட்டன. இப்போதே வெட்டக் கூடாது, காடாக வளர விட்டு, பிறகே எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார் ஸ்பெயின்காரர் (தமிழ் எழுத்து ஓடும் வசதியை இம்தியாஸ் போட்டுக் கொடுத்தான்). கூடவே, பூவாளியைத் தூக்கிக்கொண்டு உணர்ச்சிவசப்பட்ட அந்தப் பழைய வீடியோவையும் மறுபடி பார்த்தேன். அவர் சொன்னது: "தயவுசெய்து, தயவுசெய்து, இதைக் கொண்டு மரத்தைக் கொல்லாதீர்கள்."

மொழிபெயர்ப்பு நம்பத்தக்கதல்ல.

இருந்தாலும் இன்று மாலை தண்ணீர் ஊற்றவில்லை.

ஜூலை 5, வெள்ளி

இரகசியம் ஒன்று. எனக்குப் பாராட்டு விழா எடுக்கப் போகிறார்கள்!

ஆதாரம்: வருகிற 14ஆம் தேதி ஆண்டுப் பொதுக்குழு. பெண்கள் எல்லாரும் டீச்சர் வீட்டு வாசலில் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். நான் லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது. கோகிலா என் வெள்ளை வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறாள். ஏற்புரை தயாரிக்க ஆரம்பித்துவிட்டேன். சுருக்கமாக, மூன்று பக்கம்.

ஜூலை 10, புதன்

துளிர்களில் பூச்சி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோகிலா வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒரு விசயம் சொல்லோணும். ஞாயித்துக்கெழமை நானும் பேரு குடுக்கலாம்னு இருக்கறனுங்க. எல்லாரும் கேக்கறாங்க. உங்களுக்கு வருத்தம்னா சொல்லுங்க, குடுக்கலை."

"குடு, குடு" என்றேன்.

"நெசமாலுமா?"

"குடுன்னு சொல்றேன்ல? வெளிச்சத்தை மறைக்காதே அம்மிணி."

ஏதோ கோவில் சுற்றுலாவாக இருக்கும். சந்தோஷமாகப் போனாள். போய்விட்டு வரட்டும், பாவம்.

ஜூலை 14, ஞாயிறு

பொதுக்குழு நடந்தது. காபி, மிக்சர். வேட்டி எடுப்பாக இருந்ததென்று இருவர் சொன்னார்கள்.

ஜூலை 15, திங்கள்

பதிவு செய்யாத வேலை நடக்காத வேலை. நேற்று நடந்தது நடக்காமல் போகட்டும் என்று பார்த்தேன். இன்று காலை கதவில் பெயர்ப்பலகை மாட்ட ரங்கன் ஆணியோடு வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு மூத்த உறுப்பினர் என்று ஃபிலோமினா டீச்சர் தலைமை. ஏற்புரை என் சட்டைப் பையில். செயலாளர் தேர்வு என்றதும் எழுந்து, "வேற யாரும் இல்லாததால என் பேரை நானே முன்மொழியறேன்" என்றேன்.

"கோகிலவாணி பேரை நான் முன்மொழியறேன்" என்றார் டீச்சர். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் வழிமொழிந்தார்கள்.

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் கோகிலா சிரிக்கவில்லை. பட்டுச் சேலை கட்டியிருந்தாள். அதை அப்போதுதான் பார்த்தேன்.

"டீச்சர், ஒரு வீட்டுக்கு ஒரு உறுப்பினர்தான். விதி இருக்குது."

"இருக்குது சார். பத்திரத்துல பேரு இருக்கறவங்கதான் அந்த உறுப்பினர். நீங்க போட்ட விதிதானுங்க."

இங்கே ஒரு சிறு விவரம். எங்கள் வீட்டுப் பத்திரம் நிர்வாக வசதிக்காகக் கோகிலா பெயரில் இருக்கிறது.

சரி. நிர்வாக வசதி மட்டுமல்ல. பொள்ளாச்சிப் பக்கம் அவள் அப்பா கொடுத்த தென்னந்தோப்பை விற்றுத்தான் வீடு வாங்கினோம். ஆனால் டைல்ஸ் தேர்வு முழுக்க என்னுடையது.

எழுந்து நின்று விதியின் உள்நோக்கத்தை விளக்க ஆரம்பித்தேன். பின்வரிசையில் இம்தியாஸ் கை தூக்கினான்.

"நீ பேசக் கூடாது" என்றேன்.

"சரி அங்கிள். அப்ப நீங்களும் பேசக் கூடாதுல்ல?"

கூடம் குலுங்கியது. ரங்கன் கூட கதவுக்கு வெளியே நின்று சிரித்தான். ஆறு வருடமாக நான் நடத்திய கூட்டங்களில் ஒருவரும் சிரித்ததில்லை. இத்தனை சிரிப்பையும் எங்கே வைத்திருந்தார்கள்?

கோகிலா எழுந்தாள். உடனே அமைதி.

"இப்படிச் சிரிச்சா எனக்கு இந்தப் பதவி வேண்டாமுங்க" என்றாள். "அவரு ஆறு வருசம் பாத்திருக்காரு. கணக்குல ஒத்தை ரூபா தப்பு வந்ததில்லை. அவரு பேசட்டும். இம்தியாசும் பேசட்டும். இனிமே இங்க எல்லாரும் பேசலாம், அதைத்தான் நான் மொதல்ல மாத்தறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க" என்றாள்.

மூன்று பக்கம் பையில் இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். அவளை நான் "ங்க" போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை.

ஜூலை 17, புதன்

கதவுக்கடியில் ஓர் அறிவிப்பு வந்தது. அனுப்பியவர் சமையலறையில் இருந்தார். மொட்டை மாடியில் உள்ள தொட்டிகள் அனைத்தையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அகற்ற வேண்டும், தளத்துக்கு நீர்க்காப்புப் பூச்சு பூசப்படும்.

சமையலறைக்குப் போனேன்.

"ஐந்நூறு வருட மரத்துக்கு விலக்கு உண்டா?"

"இல்லீங்க."

"நான் உன் புருஷன்."

"அதனாலதான் இல்லீங்க. உங்களுக்கு விட்டா நாளைக்கு யாரை என்ன கேக்க முடியும்?"

பதில் மனு எழுதினேன். நன்றாக வந்திருந்தது. பிறகு அதைக் கொடுக்க ஐந்தடி நடக்க வேண்டும் என்பது உறைத்தது. கிழித்துவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

தாராபுரத்திலுள்ள தம்பியிடம் பேசினேன். நானும் மரமும் அங்கே வந்துவிடுகிறோம் என்றேன். "அண்ணா, நீங்க தாராளமா வாங்க" என்றான். மரத்தைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. பிறகு, "அண்ணி வரலீங்களா?" என்றான். "வரல" என்றேன். "அப்ப சோத்துக்கு என்ன பண்றது, இங்க இவளும் ஊருக்குப் போயிருக்கறா" என்றான்.

பயணம் ஒத்திவைப்பு.

ஜூலை 21, ஞாயிறு

இம்தியாஸும் அவன் நண்பர்கள் மூவரும் தொட்டியைத் தூக்கினார்கள். நான் தூரத்தில் நின்று "பாத்து, பாத்து" என்றேன்.

"எத்தனை வருஷம் அங்கிள் இதுக்கு? இந்தக் கனம் கனக்குது."

வாய்வரை ஆயிரம் வந்தது. தூக்கிக்கொண்டு நிற்கும் பையனிடம் எப்படிச் சொல்வது? "தெரியாது தம்பி. இருநூறுன்னு சொன்னாங்க. அதுவும் அவங்களுக்கு வித்தவன் சொன்னதா இருக்கும்" என்றேன்.

தொட்டி கிளம்பிய இடத்தில் தளம் கறுத்துப் பாசி பிடித்திருந்தது. முதலில் அது இருந்த இடத்தில் இன்னும் மோசம். தளச் செங்கல் பெயர்ந்து, ஒரு விரல் போகும் அளவுக்கு விரிசல். அதற்கு நேர் கீழே யார் வீடு என்று யோசிக்க வேண்டியதில்லை.

மாலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஆய்வுக்காக மட்டும். ஆறு வருடத்தில் இதுவே முதல் ஆய்வு. படுக்கையறைக் கூரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. அறைக்குள் கட்டில் இல்லை. கட்டில் ஹாலில், உணவு மேசைக்கும் டிவிக்கும் நடுவில் கிடக்கிறது. தலைமாட்டில் ஜெபமாலை, மாத்திரைப் பெட்டி.

"எவ்வளவு நாளா இங்க படுக்கறீங்க டீச்சர்?"

"ரெண்டு மழை போயிருச்சு சார். யாராச்சும் வந்தா, நான் தூங்கற இடத்துலதான் உக்கார வைக்கணும். அதான் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடறதில்லை." அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிஸ்கட் எடுத்து வைத்தார்.

என் கருத்து எதையும் பதிவு செய்யவில்லை.

ஜூலை 27, சனி

டீச்சர் வீட்டுக் கூரைப் பூச்சு வேலை. கொத்தனாருக்கு ஏணி பிடிக்க ஆள் வேண்டுமென்றார்கள். இடுப்புக்கு நின்றுகொண்டிருப்பது நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிடித்தேன். தலையெல்லாம் சிமென்ட்.

ஜூலை 28, ஞாயிறு

ஏணி.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

டீச்சரின் கட்டிலை நாங்கள் நால்வர் சேர்ந்து உள்ளே போட்டோம். அவர் சும்மா ஒரு நிமிஷம் படுத்துப் பார்த்தார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. கூரையைப் பார்த்தபடி, "வெள்ளையா இருக்குது" என்றார்.

ஆலிவ் இப்போது எங்கள் வீட்டு பால்கனியில். துணிக்கொடியின் பாதியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. செயலாளர் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

முதல் கம்பி கட்டினேன். அலுமினியக் கம்பியைக் கிளையைச் சுற்றிச் சாய்வாகப் பின்னி, பின் மெல்ல வளைக்க வேண்டும். முதல் கிளை ஒடிந்துவிட்டது. வளையும் என்று நான் முடிவு செய்த இடத்தில் அது வளையவில்லை. இரண்டாவது கிளையைத் தொட்டுத் தொட்டு, அது எந்தப் பக்கம் போக நினைக்கிறதோ அந்தப் பக்கமே கொஞ்சம் இறக்கினேன். நின்றது.

செப்டம்பர் 8, ஞாயிறு

கோகிலா காலையிலிருந்து வீட்டில் இல்லை. குப்பை பிரிக்கும் கூட்டம், அப்புறம் லிஃப்ட் கம்பெனிக்காரர்களோடு. நான் பால்கனியில் எந்தக் கிளையை வைப்பது, எதை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாமே நல்ல கிளைகள்.

மணி அடித்தது. இரண்டாவது மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் வாடகைதாரர். இளைஞர், திருச்செங்கோட்டுக்காரராம். குளியலறைக் குழாய் நிற்காமல் ஒழுகுகிறது, செயலாளரைப் பார்க்க வேண்டும் என்றார்.

"எழுத்துபூர்வமா" என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன். "உள்ள வாங்க. அவங்க வந்துருவாங்க. காபி குடிக்கறீங்களா?"

காபி போட்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டு, "நீங்க...?" என்றார்.

இந்தக் கேள்விக்கு ஆறு வருடமாக ஒரே பதில் வைத்திருந்தேன். இப்போது சங்க உறுப்பினர் கூட இல்லை.

"செயலாளர் வீட்டுக்காரருங்க" என்றேன்.

சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர், "அப்படிங்களா, நல்லதுங்க" என்று காபியைக் குடித்தார்.

கோகிலா வந்தாள். நின்றபடியே அவர் சொன்னதைக் கேட்டாள். ஒரு ஃபோன் போட்டாள். குழாய்க்காரர் அரை மணியில் வந்துவிடுவார் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"காபி இருக்குதுங்களா?" என்றாள். மிச்சத்தைச் சூடு பண்ணிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள், ஆனால் வைத்துவிடவில்லை. டம்ளரோடு பால்கனிக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"காலையில இருந்து நின்னு நின்னு காலு கெஞ்சுது" என்று சொல்லி, இரண்டு காலையும் தூக்கி ஆலிவ் தொட்டியின் விளிம்பில் வைத்துக்கொண்டாள். மெட்டி ஒரு துளிரில் உரசியது.

வாயைத் திறந்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

தொட்டி அவளுக்குக் கொஞ்சம் எட்டத்தில் இருந்தது. கால் அந்தரத்தில் நீண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மெதுவாகத் தள்ளி, தொட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.